நாரிஸ் ஹாலுக்கு வந்த வழி

நாளிதழில் இரவு டெஸ்க் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம்: ‘அமெரிக்காவில் மர்ம நபர் ஒருவர் திடீரெனக் கண்மூடித்தனமாகத் துப்பாக்கியால் சுட்டதில் இத்தனை பேர் பலியானார்கள்.’ ஊர்ப்பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் அடுத்த செய்தி தயார். பக்கம் முடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏஜென்சி காப்பி வந்து விழும். கை தானாக அடித்துக்கொண்டு போகும். நானும் அடித்திருக்கிறேன், எத்தனை முறை என்று கணக்கில்லை. ஊர்ப்பெயரையும் எண்ணிக்கையையும் தவிர அந்த வாக்கியத்தில் மற்றதெல்லாம் பெரும்பாலும் தப்பு என்பது எனக்கு உறைக்க வெகுநாள் பிடித்தது.

2007 ஏப்ரலில் அந்தச் செய்திக்குள் நம்மூர்ப் பெயர் ஒன்று வந்தது. கோபிசெட்டிப்பாளையத்தை ஒட்டிய கரட்டடிப்பாளையத்துக்காரர் ஜி.வி. லோகநாதன். கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல், கான்பூர் ஐஐடியில் முதுநிலை, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அதன்பின் கால் நூற்றாண்டாக வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். நீரியல் அவர் துறை. ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை, நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தின் 206-ஆம் அறையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மட்டும் 32 பேர் இறந்தார்கள். சுட்டவன் அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்த கடைசி ஆண்டு மாணவன், 23 வயது. கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான்.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

ஏன் செய்தான் என்பதுதான் அன்று எல்லோரும் கேட்டது. காதல் தோல்வியா, மதமா, போதையா, பைத்தியமா? ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டும் நமக்கு. அந்தச் சொல் கிடைத்துவிட்டால் செய்தித்தாளை மடித்து வைத்துவிடலாம். ஆனால் வர்ஜீனியா ஆளுநர் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தபோது, அதில் ஒற்றைச் சொல் எதுவும் இல்லை. ஒரு வழித்தடம் இருந்தது. எட்டாம் வகுப்பில் தொடங்கி நாரிஸ் ஹால் வாசலில் முடிகிற வழித்தடம். ‘ஏன்’ என்பதை விட்டுவிட்டு ‘எப்படி இங்கே வந்து சேர்ந்தான்’ என்று கேட்டால் எவ்வளவோ தெரியவருகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் ‘கண்மூடித்தனமாக’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அன்று காலை 7.15 மணிவாக்கில் மாணவர் விடுதி ஒன்றில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டு அவன் தன் அறைக்குத் திரும்பினான். ரத்தக் கறை பட்ட உடையை மாற்றினான். பிறகு தபால் நிலையத்துக்குப் போனான். நியூயார்க்கில் உள்ள என்பிசி தொலைக்காட்சிக்கு ஒரு பார்சல்; தன்னைத் தானே எடுத்துக்கொண்ட வீடியோக்கள், துப்பாக்கியோடு நிற்கும் படங்கள், நீண்ட எழுத்து. தபால் முத்திரையில் பதிவான நேரம் காலை 9.01. அதன் பிறகுதான் நாரிஸ் ஹாலுக்குப் போய், யாரும் வெளியே ஓட முடியாதபடி மூன்று பிரதான வாசல்களையும் உள்ளேயிருந்து சங்கிலி போட்டுப் பூட்டினான். 9.40-க்குச் சுடத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் 174 குண்டுகளைச் சுட்டு 30 பேரைக் கொன்றான்.

துப்பாக்கிகள் இரண்டும் அன்றைக்கு வாங்கியவை இல்லை. முதலாவதை பிப்ரவரியில் இணையத்தில் ஆர்டர் செய்து உள்ளூர் அடகுக் கடை ஒன்றில் பெற்றுக்கொண்டான். வர்ஜீனியாவில் அப்போது 30 நாளைக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்று சட்டம். காத்திருந்து, மார்ச் 13-இல் இரண்டாவதை வாங்கினான். சுடுதளத்துக்குப் போய்ப் பயிற்சியும் எடுத்தான். சட்டம் சொன்ன இடைவெளியை மதித்துக் காத்திருந்தவனைக் கண்மூடித்தனமானவன் என்று எப்படிச் சொல்வது?

இவன் விதிவிலக்கும் இல்லை. 2000 முதல் 2013 வரை நடந்த தாக்குதல்களிலிருந்து 63 பேரை எடுத்து, தாக்குதலுக்கு முன் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டது. நான்கில் மூன்று பேருக்கு மேல், அதாவது 77 சதவீதம் பேர், ஒரு வாரமோ அதற்கு மேலோ திட்டம் போட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ‘வெறி’ என்ற சொல்லும் நினைவுக்கு வரும். மலாய் மொழியில் ‘அமோக்’ என்ற சொல் உண்டு. மலேசியத் தமிழர்களுக்குப் பழக்கமானதுதான். அவமானப்பட்ட ஒருவன் ஆயுதத்தோடு தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் வெட்டிச் சாய்த்து, கடைசியில் தானும் கொல்லப்படுவது. பழைய போர்ச்சுகீசியப் பயணிகள், சாவதற்கென்றே களமிறங்கிய கேரளத்துச் சாவேர் வீரர்களையும் கிட்டத்தட்ட இதே சொல்லால் குறித்திருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்கு ‘அமோக்லாஃப்’ என்றுதான் பெயர். எல்லா ஊரிலும் இதைப் பேய் பிடித்த ஆட்டமாகத்தான் மனிதர்கள் பேசியிருக்கிறார்கள். ஆனால் அமோக் பற்றிய பழைய பதிவுகளிலேயே ஒரு விவரம் திரும்பத் திரும்ப வருகிறது: வெறியாட்டத்துக்கு முன்னால் அவன் பல நாள் யாரோடும் பேசாமல், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று. ஊர் பார்த்திருக்கிறது. பெயர் வைக்கும்போது மட்டும் கடைசி ஒரு மணி நேரத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது.

வர்ஜீனியா மாணவனின் ‘திடீர்’ எட்டு வருடம் நீண்டது. அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது தென்கொரியாவிலிருந்து அமெரிக்கா வந்த குடும்பம். பெற்றோர் சலவைக் கடை வேலை பார்த்தவர்கள். பையன் வாயே திறக்க மாட்டான். கூச்ச சுபாவம் என்று விட்டுவிடுகிற அளவு இல்லை. வகுப்பில் பெயர் கேட்டால்கூடப் பதில் வராது. 1999 ஏப்ரல் 20-இல் கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அப்போது இவன் எட்டாம் வகுப்பு. கொஞ்ச நாளில் ஆங்கில வகுப்புக் கட்டுரையில், கொலம்பைன் போலவே தானும் செய்ய வேண்டும் என்ற பொருள்பட எழுதிக் கொடுத்தான்.

ஆசிரியர் கவனித்தார். பள்ளி பெற்றோரைக் கூப்பிட்டது. பெற்றோரும் தயங்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். பேச முடியாமைக் கோளாறும் மனச்சோர்வும் இருப்பது தெரிந்தது. ஒரு வருடம் மாத்திரை, தேறினான், நிறுத்தினார்கள். உயர்நிலைப் பள்ளியில் அவனுக்காக ஏற்பாடுகள் செய்தார்கள்: எழுந்து நின்று பேச வேண்டிய பாடங்களில் சலுகை, தனியாகப் பயிற்சி. நல்ல மதிப்பெண் வாங்கினான். இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிப்பது இந்தப் பகுதிதான். அந்தப் பள்ளியும் ஆங்கிலம் சரியாக வராத அந்தப் பெற்றோரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அது பலனும் தந்தது.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்தில் சிறிய கல்லூரியாகப் பார் என்று பள்ளி ஆலோசகர் சொன்னார். அவன் வர்ஜீனியா டெக்தான் என்று பிடிவாதமாக நின்றான். வீட்டிலிருந்து நான்கு மணி நேரக் கார்ப் பயணம், இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் மாணவர்கள். மாணவரின் அந்தரங்கத் தகவல் சட்டத்தைக் காரணம் காட்டி, அவனுக்கு இருந்த பிரச்சினை பற்றி ஒரு வரிகூடப் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. தேவைப்பட்டால் கூப்பிடு என்று ஒருவரின் பெயர் மட்டும் அவன் கையில் தரப்பட்டது. அவன் கூப்பிடவே இல்லை. பேச முடியாத பையனிடம் போன் செய் என்று சொல்லி அனுப்பினார்கள்.

2005 இலையுதிர் காலத்தில் எல்லாம் ஒன்றாக வந்தது. கவிதை வகுப்பில் அவன் எழுதியதைக் கேட்டும், மேசைக்கடியில் செல்போனை வைத்து அவன் படம் பிடித்ததைப் பார்த்தும், மற்ற மாணவர்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார்கள். வகுப்பு எடுத்தவர் அமெரிக்காவின் பெயர்பெற்ற கவிஞர் நிக்கி ஜியோவானி. இவன் வகுப்பில் இருந்தால் நான் வேலையை விடுகிறேன் என்றார். துறைத் தலைவர் லூசிண்டா ராய் தானே தனியாக அவனுக்குப் பாடம் நடத்தினார். பல்கலைக்கழகப் போலீசுக்கும், மாணவர் நலப் பிரிவுக்கும், ஆலோசனை மையத்துக்கும் சொன்னார். நேரடியாக மிரட்டவில்லையே, என்ன செய்ய முடியும் என்பதுதான் பதில். மாணவிகள் சிலர் தொல்லை தருகிறான் என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். டிசம்பரில் போலீஸ் வந்து எச்சரித்துவிட்டுப் போன இரவு, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அறைத்தோழனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினான். ஒரு ராத்திரி மனநல மருத்துவமனையில் வைத்தார்கள். மறுநாள் சிறப்பு நீதிபதி, இவனால் இவனுக்கே ஆபத்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற வேண்டும் என்று உத்தரவிட்டார். அன்று பிற்பகல் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குப் போய்த் தலையைக் காட்டினான். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்த உத்தரவு ஒன்றே அவனுக்குத் துப்பாக்கி கிடைக்காமல் செய்யப் போதுமானது. மத்திய சட்டப்படி அவன் துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவன். ஆனால் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுபவர்களின் பெயர்களை மட்டும்தான் வர்ஜீனியா மாநிலம் மத்தியப் பட்டியலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிநோயாளிகளின் பெயர் போகாது. இரண்டு கடைகளிலும் கம்ப்யூட்டர், ‘கொடுக்கலாம்’ என்று சொன்னது. 32 பேர் செத்து இரண்டு வாரத்தில் ஆளுநர் டிம் கெய்ன் ஓர் ஆணை போட்டு அந்த ஓட்டையை அடைத்தார்.

சரி, அப்படியானால் மனநோய்தானே காரணம் என்று இந்த இடத்தில் கேட்கத் தோன்றும். ‘சைக்கோ’ என்பது நம் தலைப்புகளில் நிரந்தரக் குடியிருப்பாளர். இதில் நிதானம் வேண்டும். எஃப்பிஐ ஆராய்ந்த 63 பேரில் மனநோய் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்திருந்தது நான்கில் ஒருவருக்குத்தான். அமெரிக்காவில் நடக்கும் வன்முறையில் தீவிர மனநோயால் விளைவது 4 சதவீதம் அளவில்தான் என்பது டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெஃப்ரி ஸ்வான்சன் பல ஆண்டு ஆய்வில் கண்டது. மனச்சிதைவு உள்ளவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் யாரையும் தொடுவதில்லை. அடி வாங்குவதுதான் அவர்களுக்கு அதிகம் நேர்கிறது.

1966 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறி நின்று கீழே போனவர்களைச் சுட்டவன், முந்தின இரவே தாயையும் மனைவியையும் கொன்றிருந்தான். விட்டுப்போன குறிப்பில், தன் மூளையைச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தான். சோதித்தபோது உள்ளே கட்டி இருந்தது! இதோ காரணம் என்று கை தட்டலாம். ஆனால் நிபுணர் குழு, கட்டி பங்களித்திருக்கலாம், அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்று எழுதி நிறுத்திக்கொண்டது. அதே மனிதன் சில மாதங்களுக்கு முன் பல்கலைக்கழக மனநல மருத்துவரிடம் போய், கோபுரத்தில் ஏறி மான் வேட்டைத் துப்பாக்கியால் ஆட்களைச் சுட வேண்டும் போலிருக்கிறது என்று தன் வாயாலேயே சொல்லியிருந்தான். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அவன் வரவில்லை. கட்டியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்த வரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காரணமே கிடைக்காமல் போனதும் உண்டு. 2017 அக்டோபர் 1, லாஸ் வேகஸ். ஓட்டலின் 32-ஆவது மாடி ஜன்னலிலிருந்து இசை நிகழ்ச்சிக் கூட்டத்தின்மீது சுட்டவனுக்கு வயது 64, பணக்காரன், சூதாடி. 60 பேர் இறந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் தோண்டிவிட்டு, தெளிவான ஒற்றைக் காரணம் எதுவும் இல்லை என்று எஃப்பிஐ முடித்தது.

எதில்தான் இவர்கள் ஒத்துப்போகிறார்கள்? ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததாலேயே யாரும் நின்று பார்க்காத விவரம் அது. அடுத்தது, சாக முடிவு செய்தவர்கள். அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்பளிக்கும் சீக்ரெட் சர்வீஸ் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து 1974 முதல் 2000 வரையிலான 37 பள்ளித் தாக்குதல்களை, 41 மாணவர்களை ஆராய்ந்தன. 78 சதவீதம் பேர் ஏற்கெனவே தற்கொலைக்கு முயன்றவர்கள், அல்லது அந்த எண்ணத்தோடு இருந்தவர்கள். சமீப காலத்தில் ஜில்லியன் பீட்டர்சன், ஜேம்ஸ் டென்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1966-இலிருந்து தொடங்கி, பொது இடத்தில் நாலு பேரையோ அதற்கு மேலோ சுட்டுக் கொன்றவர்களின் வாழ்க்கையைத் தொகுத்தார்கள். சிறையில் இருப்பவர்களிடம் பேசவும் செய்தார்கள். அவர்கள் கண்ட பாதை இது: சின்ன வயதில் ஆறாத காயம், சமீபத்தில் ஏதோ ஒரு நெருக்கடி, முன்னால் சுட்டவர்களைப் பற்றிய படிப்பு, கைக்கெட்டும் துப்பாக்கி. முதல் இரண்டும் நம் தெருவிலேயே பத்துப் பேருக்கு இருக்கும். பின் இரண்டும்தான் தற்கொலையை வேறு திசைக்குத் திருப்புகின்றன.

தற்கொலை செய்துகொள்பவர் பெரும்பாலும் தன்னை நொந்துகொள்கிறார். இவன் உலகத்தை நொந்துகொள்கிறான். என்பிசிக்குப் போன வீடியோவில் அந்த மாணவன் பேசியது முழுக்க ‘நீங்கள்’தான்: நீங்கள்தான் என்னை இந்த நிலைக்குத் தள்ளினீர்கள் என்று. யார் அந்த நீங்கள்? 206-ஆம் அறையில் நீரியல் படித்துக்கொண்டிருந்தவர்களை அவனுக்குத் தெரியாது. லோகநாதனை அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்த வீடியோவில் கொலம்பைன் கொலையாளிகள் இருவரையும் பெயர் சொல்லி, தியாகிகள் என்றான். எட்டாம் வகுப்பில் எழுதிக் கொடுத்த கட்டுரையை எட்டு வருடம் கழித்து முடித்துவைத்தான்.

இந்தப் போலச்செய்தலைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். விரக்திக்கு உருவம் கிடையாது. யாரோ முன்னால் ஆடிக்காட்டிய ஆட்டம்தான் அதற்கு உருவம் தருகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷெர்ரி டவர்ஸும் சக ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பெரிய தாக்குதலுக்குப் பிறகு சுமார் 13 நாள் வரை இன்னொன்று நடக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது. தொற்றுநோய்க்குப் போடுகிற அதே வகைக் கணக்கு.

பார்சல் கிடைத்த ஏப்ரல் 18 அன்று மாலையே என்பிசி அதை ஒளிபரப்பியது. இரண்டு கையிலும் துப்பாக்கி பிடித்து நிற்கும் அந்தப் படம் மறுநாள் உலகத்தின் எல்லா முதல் பக்கத்திலும் ஏறியது. தபால் செலவு மட்டும்தான் அவனுடையது. மீதி விநியோகத்தை நாங்கள் செய்து கொடுத்தோம். தற்கொலைச் செய்தி விஷயத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் இன்று கொஞ்சம் பழகிவிட்டன. எந்த முறையில் இறந்தார் என்று விவரிப்பதில்லை, கீழே பெட்டி கட்டி ‘ஸ்நேகா’ உதவி எண் போடுகிறோம். இந்தக் கொலையும் பாதி தற்கொலைதான் என்பது தெரிந்த பிறகும், இதற்கு மட்டும் படம், ஆயுதத்தின் மாடல், பலி எண்ணிக்கையில் ‘சாதனை’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டன், அவன் பெயரை நான் சொல்லவே மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பெயரை நான் விட்டதற்குக் காரணம் அதுதான். தாமதமான சுய தண்டனை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கிறைஸ்ட்சர்ச் என்றதும் இன்னொரு கேள்வி வரும். அது வெள்ளை இனவெறி இல்லையா, விரக்தி என்று மெழுகுகிறாயே என்று. நியாயமான கேள்வி. 2012 ஆகஸ்டில் விஸ்கான்சினில் ஓக் க்ரீக் குருத்வாராவில் சீக்கியர்களைச் சுட்டவனும், 2022-இல் பஃபலோ நகரில் கறுப்பினத்தவர் பகுதியின் கடையில் பத்துப் பேரைக் கொன்றவனும் யாரைக் கொல்கிறோம் என்று தெரிந்தே போனவர்கள். அங்கே கொள்கை வெறும் முலாம் இல்லை. எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று விலாசம் எழுதிக் கொடுத்ததே அதுதான். இருந்தாலும் பாதை பெரிதாக மாறவில்லை. பஃபலோ கொலையாளி கிறைஸ்ட்சர்ச் கொலையாளியின் நேரலையையும் அறிக்கையையும் அப்படியே காப்பியடித்தான்.

துப்பாக்கிக்கு வருவோம். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. 2018-இல் வெளியான மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் 39 கோடிக்கு மேல் துப்பாக்கிகள். நூறு பேருக்கு 120. இந்தியாவில் நூறு பேருக்கு ஐந்து. 2012 டிசம்பர் 14 அன்று உலகத்தின் இரு கோடியிலும் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தார்கள். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் புகுந்தவன் கையில் கத்தி. 23 குழந்தைகளுக்குக் காயம், ஒருவரும் இறக்கவில்லை. அமெரிக்காவின் சாண்டி ஹூக்கில் புகுந்தவன் கையில் அம்மா வாங்கி வைத்திருந்த துப்பாக்கி; 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் இறந்தார்கள். கத்தியாலும் கொல்லலாம், சீனாவிலேயே கொன்றிருக்கிறார்கள். ஆனால் கத்தியோடு போனவன் களைத்துப்போவான், பிடிபடுவான், தடுக்கப்படுவான்.

நம் நாட்டில் இது எங்கே நடக்கிறது என்று பார்த்தாலும் விடை அதேதான். 2014 அக்டோபரில் கல்பாக்கத்தில், அணுமின் நிலையக் காவலுக்கு இருந்த மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை ஏட்டு ஒருவர் தன் சக வீரர்கள் மூவரைச் சுட்டுக் கொன்றார். பாதுகாப்புப் படை முகாம்களில் இப்படிப்பட்ட செய்தி அவ்வப்போது வருகிறது. மனக்குமைச்சல் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அங்கே மட்டும்தான் தோளில் துப்பாக்கியும் தொங்குகிறது. (கவனித்தால் தெரியும்: கல்பாக்கத்துக்காரர் ‘சுட்டார்’, வர்ஜீனியாக்காரன் ‘சுட்டான்’. டெஸ்கில் உட்கார்ந்து நாங்கள் போடுகிற விகுதிதான் சில பேரை மனிதக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. இந்தக் கட்டுரையிலும் அதே பழக்கம் கைவிடவில்லை.)

மீதியிருப்பது ‘மர்ம நபர்’. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொய். மேலே சொன்ன 37 பள்ளித் தாக்குதல்களில் 81 சதவீதத்தில், திட்டம் முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருந்தது. பெரும்பாலும் சக மாணவனுக்கு. இதைக் கசிவு என்கிறார்கள். சாகப்போகிறவன் வாய் தாங்காது. மிரட்டலாக வராமல் இருக்கலாம். ஜோக்காக, கவிதையாக, நாளைக்கு கேன்டீன் பக்கம் வராதே என்ற அறிவுரையாக வரும்.

மிச்சிகன் மாநிலம், ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளி. 2021 நவம்பர் 26 அன்று 15 வயதுப் பையனோடு போய் அப்பா ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். 29-ஆம் தேதி வகுப்பில் அவன் செல்போனில் தோட்டா தேடுவதை ஆசிரியை பார்த்தார். பள்ளி அம்மாவுக்குப் போன் போட்டது, பதில் இல்லை. மகனுக்கு மட்டும் அம்மா செய்தி அனுப்பினார்: எனக்கு உன்மேல் கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று. மறுநாள் காலை கணக்குப் பாடத் தாளில் பையன் துப்பாக்கி வரைந்திருந்தான், குண்டடி பட்ட உருவம் வரைந்திருந்தான். எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள் என்று பக்கத்தில் எழுதியிருந்தான். கணக்குத் தாளில், ஆசிரியர் திருத்தப்போகிற தாளில். இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்?

பெற்றோரை வரவழைத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் ஆலோசனைக்குக் கூட்டிப் போங்கள் என்று பள்ளி சொன்னது. இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது, வேலை இருக்கிறது என்று பெற்றோர் கிளம்பினார்கள். துப்பாக்கி வாங்கியதை அவர்கள் சொல்லவில்லை; பள்ளியும் பையைத் திறந்து பார்க்கவில்லை. பையன் வகுப்புக்குப் போனான். பையில் துப்பாக்கி இருந்தது. சில மணி நேரத்தில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2024-இல் தாய் தந்தை இருவருக்கும் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை. பிள்ளை நடத்திய பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் உள்நோக்கமற்ற கொலைக் குற்றத்தில் அமெரிக்காவில் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

இவர்களை முன்கூட்டியே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மேலே சொன்ன 41 மாணவர்களில் முதல் மதிப்பெண் வாங்கியவனும் இருந்தான், தோற்றவனும் இருந்தான். தனிக்கட்டையும் இருந்தான், நண்பர் கூட்டத்தோடு சுற்றியவனும் இருந்தான். கறுப்புச் சட்டை, வீடியோ கேம் என்று பட்டியல் போட்டால் லட்சம் அப்பாவிகள் மாட்டுவார்கள். சந்தேகப்பட்டவனைப் பள்ளியை விட்டு நீக்குவது அதைவிட மோசம். பாதையின் இரண்டாவது படியான நெருக்கடியை நாமே கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

வர்ஜீனியா கற்றுக்கொண்டது வேறு வழி. 2008-இல் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும், 2013-இல் பள்ளிகளிலும், அச்சுறுத்தலை எடைபோடும் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆசிரியர், ஆலோசகர், போலீஸ்காரர் ஒரே மேசையில் உட்காருவார்கள். கவிஞருக்குத் தெரிந்ததும் விடுதிக் காப்பாளருக்குத் தெரிந்ததும் நீதிமன்றத்துக்குத் தெரிந்ததும் ஒரு இடத்தில் சேரும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டூயி கார்னெல் உருவாக்கிய முறையில், முதல் வேலை வாய்ச்சவடாலையும் நிஜ ஆபத்தையும் பிரிப்பது. கோபத்தில் கத்திய பையனைக் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடுவார்கள். நிஜம் என்றால் துப்பாக்கி கைக்கெட்டுமா என்று வீட்டில் கேட்பார்கள், இவரைக் கூப்பிடு என்று எண் தருவதற்குப் பதிலாகத் தாங்களே கூப்பிடுவார்கள். இது பலித்தால் எதுவும் நடக்காது. நடக்காததை டெஸ்கில் யாரும் செய்தியாக எடுப்பதில்லை.

வர்ஜீனியா டெக் மைதானத்தின் ஓரத்தில், அந்தப் பகுதியின் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கற்களில் பெயர் வெட்டி அரைவட்டமாக வைத்திருக்கிறார்கள். ஒன்றில் லோகநாதனின் பெயர். சம்பவம் நடந்த அந்த வாரமே மாணவர்கள் தாங்களாகக் கற்களைக் கொண்டுவந்து அடுக்கியதில் தொடங்கியது அது. அப்போது ஒரு மாணவி முப்பத்து மூன்றாவதாக ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார், சுட்டவனுக்காக. யாரோ அதை எடுத்துப் போட்டார்கள். திரும்பவும் ஒரு கல் வைக்கப்பட்டது. அது சரியா தவறா என்று அந்த ஊரே பேசிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிரந்தர நினைவிடம் திறக்கப்பட்டபோது கற்கள் 32 இருந்தன.